வெயிலில் நின்ற குளவிப் பெட்டி

மச்சான்,

இன்று ஜும்ஆத் தொழுகைக்குக் குளவிப் பெட்டியோடுதான் பள்ளிவாசலுக்குள் போனேன். சுவரோரமாக வைத்து, மேலே ஈரத்துணி போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் ஒரு மாதிரிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். குளவிகளுக்காகப் பஞ்சில் தொட்டு வைத்திருந்த தேனின் மணம் வந்ததும் குத்பாப் பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை. உன் தோட்டம்தான் கண்ணுக்குள் நின்றது.

சுனாமியில் கடல் வந்து போன பிறகு நிந்தவூரில் நீ ஊன்றிய தென்னங்கன்றுகள் மரமாகி நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தபோதுதான் கருந்தலைப் புழு விழுந்தது. ஓலையெல்லாம் தீய்ந்ததுபோல் காய்ந்தன. நான் குளவி வளர்க்கும் அறையில் வேலை பார்ப்பவன். அந்தப் புழுவின் மேல் முட்டையிட்டு, அதைத் தின்றே வளரும் சின்னஞ்சிறு குளவிகள் எங்களிடம் இருந்தன. "உன்ட பூச்சியக் கொண்டுவந்து விடன்டா, பாப்பம்" என்றாய். என்னை நம்பி, மருந்தடிக்க வந்தவனையும் திருப்பி அனுப்பிவிட்டாய்.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். சம்மாந்துறையில் ஜும்ஆ நேரமாகிவிட்டது. பள்ளிக்கு வெளியே மர நிழலில் நிறுத்திவிட்டுப் போனேன். தொழுகை முடிந்த கையோடு வந்திருக்கலாம். பழைய கூட்டாளி ஒருவனைக் கண்டு, வாசலில் நின்று ஊர்க்கதையெல்லாம் அளந்தேன். திரும்பி வந்தபோது நிழல் விலகிப் போயிருந்தது. பெட்டியைத் திறந்தால் கண்ணாடிக் குழாய்கள் கையைச் சுட்டன.

செத்துக் கிடந்தவை கொஞ்சம்தான். அவற்றை றோட்டோரம் தட்டிக் கொட்டினேன். மற்றவை ஊர்ந்துகொண்டிருந்தன. உன் தோட்டத்தில் மூடியைத் திறந்தபோது பறக்கவும் செய்தன.

"எல்லாம் உசிரோடதானேடா?"

"ஓம் மச்சான், பறக்கிறதப் பாரன்."

அது பொய்யில்லை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த கிழமை அறையில் சில குழாய்களை வெயிலில் வைத்துப் பார்த்தேன். உயிர் தப்பிய குளவிகள் நன்றாகத்தான் பறந்தன. ஆனால் தேன் வைத்தும் சில நாட்களிலேயே ஒவ்வொன்றாக விழுந்தன. வெயில் படாதவை அதற்குப் பிறகும் கிழமைக்கணக்கில் இருந்தன. தப்பியவற்றின் பக்கத்தில் புழுவை விட்டால், ஏறிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கி நின்றன.

சொல்லத்தான் உன்னிடம் வந்தேன், மச்சான். அல்லாஹ் அறிவான். நான் வாய் திறக்குமுன் நீ தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாய்: "மாட்டுக்கு நுளம்பு கடிக்குதெண்டு தோட்டத்துல புகை போட்டுட்டன்டா. அதுலதான் எல்லாம் செத்திருக்கும். என்ட பிழை."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம், புகை குளவிக்குக் கூடாதுதான்" என்றேன்.

அடுத்த குளவிகள் வளர்ந்து வருவதற்குள் ஒரு பச்சை ஓலைகூட மிஞ்சவில்லை. நீயே ஆள் பிடித்து மரங்களைத் தறித்தாய். ஏன் இப்படி ஆனது என்று கேட்டவர்களிடமெல்லாம், "நான் போட்ட புகைதான்" என்றாய். அதன் பிறகு அந்தப் பக்கமே நீ போகவில்லை.

இப்போதும் எங்காவது தேங்காய் மட்டைப் புகை எழுந்தால் வேறு தெருவால் சுற்றிப் போகிறேன். நிந்தவூரைத் தாண்டும்போது பஸ்ஸில் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன். வெட்டிய அடிமரங்களுக்கு நடுவே நீ நிற்பாயோ என்று பயமாக இருக்கிறது. மௌத்தாகி மண்ணுக்குள் போனவன் எப்படி நிற்பான் என்று புத்தி சொல்கிறது. ஆனாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

போன மாதம் உன் ஜனாஸாத் தொழுகையில் நான் முதல் வரிசையில் நின்றேன். உன் மகன் முன்னால் வந்து, வழக்கப்படி கேட்டான்: "எங்கட வாப்பா ஆர்ட மனசயாவது நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

மன்னித்துவிட்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், மச்சான். எல்லாரையும் விட என் குரல்தான் உரத்துக் கேட்டது.