அம்மாவின் பெயர்மேல் கட்டிய பட்டி

உன்னைக் கொன்றது ஒரு பிழையான இலக்கம். உன் இருதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கும் என்று ஜிம் முதலாளி இன்றும் சொல்லித் திரிகிறார். இருக்கட்டும். நிற்க வேண்டிய இடத்தில் உன்னை நிற்கவிடாதது அந்த இலக்கம்தான்.

இன்று காலை வெள்ளவத்தை பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெண்ணின் மணிக்கட்டில், துடிப்பு எண்ணும் பட்டிக்கு அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. பிறகு எனக்கு வேலை ஓடவில்லை, மச்சான்.

துறைமுக வேலைக் களைப்போடு கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை ஜிம்முக்கு வருவாய். அங்கே எல்லோர் கையிலும் ஒரு பட்டி கட்டுவார்கள். அவரவர் இதயத்துடிப்பு பெயரோடு சுவர்த்திரையில் ஓடும். துடிப்பு உச்சத்துக்கு ஏறிச் சிவப்பைத் தொட்டவனுக்குக் கைதட்டல். உன் பெயர் மட்டும் துடிப்பு குறைவென்று மஞ்சளிலேயே கிடக்கும்.

"தம்பி, நீ என்ன கோயிலுக்கோ வந்தனி? சிவப்புக்கு வா!" என்று பயிற்சியாளன் கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். "மெஷினுக்கு என்னைப் பிடிக்கேல்ல" என்று நீயும் சிரிப்பாய்.

அந்த வெளிச்சம் தோலுக்குள் போய், இரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. உன் இடது மணிக்கட்டிலோ, அம்மா செத்த பிறகு நீ பச்சை குத்திய அவவின் பெயர், தடித்த கறுப்பு எழுத்தில். மை வெளிச்சத்தைக் குடித்துவிடும். வியர்வையும் கையசைவும் மிச்சத்தைக் கெடுத்து, துடிப்பைக் குறைத்துக் காட்டும். பட்டியோடு வந்த தாளிலேயே இது இருக்கிறது. உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீயோ வேண்டுமென்றே அந்தக் கையில்தான் கட்டுவாய். "அம்மாவுக்கு மேல கட்டினாத்தான் மச்சான், என்ர நெஞ்சு அடிக்கிறது அவவுக்குக் கேக்கும்."

கடைசி நாள், சைக்கிள் மிதித்துக்கொண்டே "நெஞ்சு இறுகுது" என்றாய். பயிற்சியாளன் உன் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான். "இன்னும் மஞ்சள்தானே, மிதி!" உன் நெஞ்சை விட்டுவிட்டுத் திரையை நம்பினாய். நீ சரிந்து விழுந்தபோதும் அதில் மஞ்சளாகத்தான் இருந்தாய்.

இப்போது ஓடினால் நான் இடையில் நின்று, கழுத்தில் இரண்டு விரலை வைத்து எண்ணுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கமும் தீராத அலுப்பும்தான்.

பின்னேரம் ஜிம்முக்குப் போனேன். புதிதாக வந்த ஒருவருக்கு முதலாளி பட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, 'நெஞ்சு இறுகினால் திரையைப் பாக்காதே, நிப்பாட்டு' எண்டு மூண்டு பாஷையிலயும் இந்தச் சுவரில எழுதுங்கோ."

அவர் ஜிம்மில் ஓடிய பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். நான் அதற்கும் மேலே கத்தினேன்:

"எழுதுங்கோ!"