ஓடாத ஆறு

அக்கா,

என்னை ஏமாற்றும் விடுகதை இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. நேற்று நீ கேட்ட ‘ஓடாத ஆறு எது?’ வெறும் பித்தலாட்டம். ‘ஓடாத’ என்று சொல்லி என்னைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாய். வற்றியதா, உறைந்ததா என்று நான் தவித்தபோது, “அஞ்சுக்கு அடுத்த ஆறுடா, மக்கு!” என்று சிரித்தாய். “ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் வச்சு ஏமாத்துறதெல்லாம் ஒரு பொழப்பா?” என்றேன். வார இதழுக்குப் புதிர் எழுதுவதுதான் உன் பிழைப்பு என்பது, நீ கதவை அறைந்து சாத்தியபோதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனாலும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உன் அறைக் குழாயைச் சரிபார்க்க ரிப்பேர்க்காரர் பத்து மணிக்கு வருகிறார். அவருக்காகவாவது கதவைத் திற. வாசலில் காபியை மூடி வைத்திருக்கிறேன்.

– தம்பி

பி.கு.: காபி ஆறுவதற்குள் நீ ஆறு, அக்கா.