அர்னாலா கடலில் அப்பா எடுத்த படம்

மாட்டுங்கா,
6-2-1966

சிரஞ்சீவி பஞ்சுவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் சௌக்கியம், கிளாஸ்கோ குளிரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கை ருக்குவுக்குச் செம்பூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்துவிட்டது, பஸ்ஸில் போய்வருகிறாள்.

முக்கியமான சமாசாரம் வேறு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா கேமராவைத் தொடவே இல்லை, கெட்டிக் கண்ணாடி போட்டும் கலங்கலாகத்தான் தெரிகிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஃபிலிம் கழுவித் தரும் தாராவி ஸ்டூடியோக்காரர் கரீம் பாட்சா இதைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேராக வசாயிலிருந்து படகில் வடக்கே கரையோரமாகப் போய்ப் பறவைகளைப் படம் எடுக்கப் போகிறோம், நீங்களும் வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நீச்சல் தெரியாத மனுஷரைத் தனியாக அனுப்புவேனா, புளியோதரையைக் கட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன், எனக்கும் நீச்சல் தெரியாது என்பது படகில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அர்னாலா தீவு வரைக்கும் கடல் காக்கையும் கொக்குமாகக் கூட்டம் கூட்டமாக இருந்தன, எல்லாரும் எடுத்துத் தள்ளுகிறார்கள், அப்பா மட்டும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏன்தான் அழைத்து வந்தோமோ என்று இருந்தது எனக்கு. எல்லாரும் கரைப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கையில் திடீரென்று எழுந்து எதிர்ப்பக்கம் கையை நீட்டி, "அதோ பாருங்கோ, டால்பின். பக்கத்துல குட்டியும் இருக்கு" என்றார். எங்கள் கண்ணுக்கு வெறும் தண்ணீர்தான், படகுக்காரர்கூட ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். சற்று நேரத்தில் சாம்பல் நிற முதுகு ஒன்று மேலே வந்தது, அதை ஒட்டிச் சின்னதாக இன்னொன்று. எல்லாரும் ஓடிவரப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது, நான் அவர் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன், அவரோ ரோல் தீரும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார். கழுவிப் பார்த்ததில் பாதிக்கு மேல் அலைதான், ஒன்றில் என் புடவைத் தலைப்பு, ஆனால் ஒரே ஒரு படத்தில் தாயும் குட்டியும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. இத்துடன் வைத்திருக்கிறேன், மடங்காமல் பிரி.

அதனால் எனக்கு வந்த வம்பைக் கேள். இத்தனை நாளாக உன் கடிதங்களை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன், நீ பனியில் வழுக்கி விழுந்து கை ஒடிந்ததை மட்டும் விட்டுவிட்டேன். முந்தாநாள் எல்லாவற்றையும் தானே எடுத்துப் படித்துவிட்டு, "குழந்தை கட்டுப் போட்டுண்டு கிடந்திருக்கான், எங்கிட்ட மறைச்சுட்டியே" என்று கோபித்துக்கொண்டு நேற்று முழுவதும் என்னோடு பேசவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இனிமேல் ரகசியம் ஏதாவது இருந்தால் ருக்கு பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது.

அந்தக் கையால் கனமாக எதையும் தூக்காதே. தீர்க்காயுசாக இரு.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா ராஜலக்ஷ்மி