குள்ளன் காலில் கட்டிய டியூப்

அண்ணா,

"நாய்க்கெல்லாம் எதுக்குடி டாக்டர், நான் இல்லையா?" என்று கேட்டாயே, குள்ளனின் காலைக் கண்ணாடி கிழித்த அன்று? கேட்டுவிட்டு, உன் பஞ்சர் கடையில் வைத்தே பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கால் இப்போது பூசணியாக வீங்கியிருக்கிறது. டியூபை வெட்டி எடுத்துவிட்டேன். உன் தட்டுக்குப் பக்கத்தில் கிடப்பது அதுதான், மோந்து பார்.

டாக்டரை நானே தேடினேன். மூன்று பேருக்குப் போன் செய்து, பேச வாய் வராமல் வைத்துவிட்டேன். நான்காவது டாக்டரம்மாவுக்குப் போட்டும் அப்படியே வைத்துவிட்டேன்; அவர் திருப்பிக் கூப்பிட்டார். "யாரும்மா, மூச்சு மட்டும் விடுற? நாயா, பூனையா?" என்றார். நாய் என்று சொல்லிவிட்டேன். இன்றே போகாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்குமாம். பணத்தைத் தவணையாகக் கட்டலாமாம்.

குள்ளனுக்காக நான் சேர்த்த உண்டியலை உடைத்துத்தானே வண்டிக்கு ஹாரன் வாங்கினாய்? அதைக் கழற்றி எடுத்துப் போகிறேன், விற்று முதல் தவணை கட்ட. இனி நீயே கத்திக்கொண்டு ஓட்டு. மாதாமாதம் உன் கடை வருமானத்தில் வண்டி சர்வீஸுக்கு முன்னால் குள்ளனின் தவணை, அப்புறம் தடுப்பூசி. புது உண்டியல் என் பெட்டியில் பூட்டியிருக்கும்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். தட்டை நீயே கழுவு.

இன்னொன்று. இன்று காலை குள்ளன் உன் செருப்பின்மேல் தலை வைத்துப் படுத்திருந்தான். உன்னைப் பார்த்ததும் படுத்தபடியே வாலை ஆட்டினான். நீ செருப்பை உருவி மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.