வால்ஸுக்கு முன்னால் மாட்ட வேண்டிய வயர்

எவரார்டோ,

கேக் வாங்கப் போறேன். விருந்தாளிங்க வர்றதுக்குள்ள பியானோவை முற்றத்து ஸ்பீக்கரோட சேர்த்துடு, கெஞ்சிக் கேக்கறேன். கட்டையெல்லாம் தானா ஆடுது, ஆனா சத்தம் கூடத்தைத் தாண்டல. வயரை பியானோவோட ‘இன்’ ஓட்டையில செருகித் தொலைச்சிட்டேன் போல, ‘அவுட்’டுல மாத்திப் பாரு. ஸ்பீக்கரை அணைச்சுட்டு மாட்டு.

மோலே குழம்பு அடுப்புல இருக்கு. அடிபிடிக்க விட்டுடாதே.

நம்ம யாரெலி முடியை ஒட்ட வெட்டிக்கிட்டா, சரி. அதுக்காகப் பதினஞ்சாவது பிறந்தநாள்ல பொண்ணுகூட வால்ஸ் ஆடமாட்டேன்னு எந்த அப்பனாவது சொல்லுவானா? கதவைச் சாத்திக்கிட்டு அழுதுட்டே இருக்கா.

ரொசால்பா

அவளோட முதல் ஹீல்ஸ் பியானோ மேல இருக்கு. நம்ம வழக்கப்படி அப்பாதான் போட்டு விடணும், நான் போட முடியாது.

இன்னொண்ணு. அந்த வால்ஸை நீயேதான் வாசிச்சுப் பியானோவுல பதிஞ்சு வச்சே. ‘ஆடற அன்னிக்குப் பியானோ தானா வாசிக்கட்டும், என் ரெண்டு கையும் அவளுக்கு’ன்னு சொன்னியே, எவரார்டோ!