நீங்கள் ஓடவில்லை

மிசூலா, மொன்டானா
9 மார்ச் 1991

மதிப்பிற்குரிய திரு. ஆரின் கெல்சோ அவர்களுக்கு,

வெர்ன் ஹாஸ்கெட் எழுதுவது. உங்களைக் கைது செய்து காரில் கொண்டுபோன அதே மார்ஷல்தான். கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள். சிறைக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நம் பயணத்தைச் சிரிப்புப் படமாக எடுத்துவிட்டார்கள். படக்காரர்கள் கேட்டபோது கதை சொன்னவன் நான்தான். போன சனிக்கிழமை என் மனைவி மார்லீஸுடன் போய்ப் பார்த்தேன். வியட்நாமுக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில் நீங்கள் காகிதங்களைக் கொளுத்தியது, இருபது வருடம் வேறு பெயரில் ரொட்டி சுட்டுப் பிழைத்தது, என் தலையைப் பார்த்து, "இது சீவினதா, இஸ்திரி போட்டதா?" என்று கேட்டது எல்லாம் வந்தது. அதுவரை நானும் சிரித்தேன்.

பிறகு படத்தில் கார் பனியில் கவிழ்ந்தது. உங்கள் வேடத்தில் வரும் தாடிக் கிழவர் விலங்கோடு ஓடிக் குப்புற விழுகிறார். காலொடிந்த மார்ஷல் படுத்தபடியே துப்பாக்கி காட்டி அவரைத் திரும்ப வரவைக்கிறார். அரங்கமே உருண்டு சிரித்தது. மார்லீஸ் பெருமையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

உண்மையில் அன்று, கால் ஒடிந்து கிடந்தும், விலங்கின் சாவியைக்கூட நான் உங்களுக்குத் தரவில்லை. போர்வையை இழுத்து என்மேல் போட்டுவிட்டு, "கையைத்தானே பூட்டினே, கால் சும்மாதானே இருக்கு. தூங்கிடாதப்பா, வந்துடறேன்" என்றீர்கள். நான்கு மைல் நடந்து, மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க் வாசலில் இருந்த தொலைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

கைதி என்னைக் காப்பாற்றினான் என்று அறிக்கையில் எழுத வெட்கப்பட்டேன். தப்ப முயன்றார், தடுத்தேன் என்று எழுதினேன். நீதிமன்றத்தில் நீங்கள் உண்மையைச் சொன்னபோது பின்வரிசையில் சிரித்தார்கள். தொலைபேசியில் பேசியது யாரென்று எவரும் விசாரிக்கவில்லை. உங்களுக்கு இரண்டு வருடம் கூடியது. எனக்குப் பதக்கம் குத்தினார்கள்.

நேற்று நீதிபதிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. வேலையையும் விட்டுவிட்டேன். மார்லீஸிடம் சொன்னேன். "அந்தப் பனியில அவரு கால்ல என்ன போட்டிருந்தாரு?" என்று மட்டும் கேட்டாள். கான்வாஸ் ஷூ என்றேன். அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களை விடுவிக்கும் நாளில் அழைத்துப்போக யாரும் வரவில்லையென்றால், நான் கார் கொண்டுவரலாமா? இந்த முறை முன்சீட்டில் உட்காருங்கள். எங்கே போகவேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைகுனிவுடன்,
வெர்ன் ஹாஸ்கெட்