போகல்லியே சார்?

திருவனந்தபுரம்,
அக்டோபர் 1956

அன்புள்ள மங்கலத்துக்கு,

நீயும் குழந்தையும் சுகந்தானே? நாகர்கோவிலில் காய்ச்சல் பரவுவதாகக் கேள்வி. தண்ணீரைக் காய்ச்சியே குடி.

நவம்பரில் உங்கள் ஊர் மதராஸோடு சேர்கிறதல்லவா? இங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் அங்கே போகப் போகிறார்கள். அதனால் எங்கள் பாலிடெக்னிக் பிரின்ஸிபால் என்னை அழைத்து, "தாணுலிங்கம் சாரே, நீங்க அங்கோட்டு போகுமோ? பின்னே புது ஒர்க்‌ஷாப்பை நான் யாரிடம் ஒப்படைக்கும்?" என்று தன் மலையாளத் தமிழில் கேட்டார்.

வீட்டில் கலந்துபேசிச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். உன் அப்பா எனக்கு அங்கே வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதை பிரின்ஸிபாலிடம் சொல்லவில்லை.

இன்று பழைய கொட்டகையிலிருந்த கடைசல் லேத்தைப் புதுக் கட்டிடத்துக்குக் கொண்டுபோனோம். கொட்டும் மழையில் மாணவர்கள் தோள் கொடுத்தார்கள். அதை நிலைநிறுத்தி ஓடவிட்டதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "சார் போகல்லியே?" என்றார்கள்.

"இல்லைடே" என்றேன்.

உன்னைக் கேட்குமுன்பே வாயில் வந்துவிட்டது. அதனால்தான் இன்றே இந்தக் கடிதம்.

நீ வரச் சொன்னால் மறுபேச்சில்லாமல் வந்துவிடுவேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், குழந்தையோடு ஒரு தடவை இங்கே வந்து அந்த ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துவிடேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும் கணவன்